மெட்டே நினைவாக: நியூ இங்கிலாந்துக் காண்ட்ரா நடனத்தில் ஆட்டக்கூறும் இசையும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வழங்கும் காண்ட்ரா நடனத்தின் பழைய ஆட்டங்கள் பலவற்றில் ஆட்டத்தின் பெயரும் மெட்டின் பெயரும் ஒன்றே. இப்பெயரொற்றுமை, ஆட்டத்தை நினைவில் நிறுத்தும் பணியை மெட்டே செய்துவந்ததன் அடையாளம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அப்பணி அழைப்பாளருக்குக் கைமாறியது. அம்மாற்றத்தின் காரணங்களும் விளைவுகளும் ஆட்டங்களின் அமைப்பையும் அச்சு நூல்களையும் சான்றாகக் கொண்டு இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காண்ட்ரா நடனம், ஆட்டக்கூறு, மெட்டு, அழைப்பாளர், வாய்மொழி மரபு, நியூ இங்கிலாந்து.

முன்னுரை

நாட்டார் நடனங்களை ஆராய்வோர் அசைவுகளைத் தனியாகவும் இசையைத் தனியாகவும் பதிவு செய்வது வழக்கம். இரண்டுக்கும் வேண்டிய பயிற்சி வேறு என்பதால் இப்பிரிவினை இயல்பாகவே நேர்கிறது. ஆயினும் சில மரபுகளில் இப்பிரிவினை மரபின் உயிர்நிலையையே பார்வையிலிருந்து மறைத்துவிடும். அதற்குத் தக்க எடுத்துக்காட்டு காண்ட்ரா நடனம். ‘மணி மஸ்க்’ என்றால் அது ஒரு மெட்டா, ஓர் ஆட்டமா என்று வினவினால், நியூ ஹாம்ப்ஷயரின் பழைய ஆட்டக்காரருக்கு அவ்வினாவே விளங்கியிராது. இன்றைய ஆட்டக்கூடத்திற்கு வருவோரில் பெரும்பாலோர்க்கோ தாம் ஆடும் ஆட்டத்திற்கு எந்த மெட்டு இசைக்கப்பட்டது என்பது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நிகழ்ந்தது யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் தேவை. ஆட்டத்தின் உறுப்பாக அமையும் தனித்தனி அசைவுத் தொகுதி இக்கட்டுரையில் ‘ஆட்டக்கூறு’ எனப்படுகிறது. கால் ஒருமுறை தரையில் பதியும் கால அளவு ‘தட்டு’ எனப்படுகிறது. பேலன்ஸ், ஸ்விங் முதலிய பெயர்களுக்குத் தமிழாக்கம் செய்தால் பொருள் மயங்கும். ஆதலின் அவை ஒலிபெயர்ப்பாகவே ஆளப்படுகின்றன.

ஆட்டத்தின் கட்டமைப்பு

காண்ட்ரா நடனம் எதிரெதிராக நிற்கும் இரு நீண்ட வரிசைகளில் ஆடப்படுவது. 1651இல் ஜான் பிளேஃபோர்டு லண்டனில் வெளியிட்ட ‘தி இங்கிலீஷ் டான்ஸிங் மாஸ்டர்’ என்னும் நூலில் காணப்படும் ஆங்கில நாட்டுப்புற நடனங்களே இதன் மூதாதையர். ஆங்கிலத்தில் ‘நாட்டுப்புறம்’ எனப் பொருள்படும் ‘கண்ட்ரி’ என்னும் சொல், பிரெஞ்சில் ‘கோந்த்ரதான்ஸ்’ என்பதன் முற்பகுதியாகத் திரிந்து, ‘எதிர்’ என்னும் பொருளைத் தானே ஏற்றுக்கொண்டது. வரிசைகள் எதிரெதிரே நிற்பதால் இத்திரிபும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இரு வரிசைகளிலும் நிற்போர் இணையிணையாகக் கணக்கிடப்படுவர். இரண்டு இணைகள் சேர்ந்தது ஒரு சிறு குழு. சில பழைய ஆட்டங்களில் மூன்று இணைகள் சேரும். குழுவில் இசைக்கலைஞர்களுக்கு அருகில் நிற்பது முதல் இணை. ஆட்டம் ஒரு சுற்று முடியும்போது முதல் இணை ஓரிடம் கீழிறங்கியும், இரண்டாம் இணை ஓரிடம் மேலேறியும் நிற்கும். அடுத்த சுற்றில் ஒவ்வோர் இணையும் புதியதோர் இணையைச் சந்திக்கும். வரிசையின் கடைக்கோடியை அடைந்த இணை சற்று நின்று, மறுபாத்திரம் ஏற்று, எதிர்த்திசையில் திரும்பும். இவ்வாறு ஓர் ஆட்டம் முடிவதற்குள் வரிசையில் உள்ளோரில் மிகப் பலரோடு ஆட நேரிடும்.

இசையின் கட்டமைப்பு இதனோடு மிக நெருங்கிப் பொருந்துவது. மெட்டிற்கு இரண்டு பகுதிகள் உண்டு; ஒவ்வொன்றும் இருமுறை இசைக்கப்படும். ஒரு பகுதியை ஒருமுறை இசைக்க 16 தட்டுகள் ஆகும். எனவே முழுச் சுற்றுக்கு 64 தட்டுகள். நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 தட்டுகள் என்னும் வேகத்தில் ஒரு சுற்று 32 வினாடிகளில் முடியும். ஆட்டக்கூறுகளும் 8 அல்லது 16 தட்டுகள் கொண்டவை. கைகோத்து வட்டமாக இடம் செல்லுதல் 8. நால்வர் எட்டு வடிவில் பின்னிப் பிணைந்து கடக்கும் ‘ஹே’ 16. எதிரில் உள்ளவரை நோக்கி முன்னும் பின்னும் அழுத்தமாக அடிவைக்கும் பேலன்ஸ் 4, அதனைத் தொடர்ந்து அவரைப் பற்றிச் சுழலும் ஸ்விங் 12. மெட்டின் ஒரு வாக்கியம் தொடங்கும் இடத்தில் ஆட்டக்கூறும் தொடங்கும்; அது முடியும் இடத்தில் இதுவும் முடியும். காண்ட்ரா நடனத்தின் இலக்கணம் முழுவதும் இவ்வொரு விதிக்குள் அடங்கும் எனலாம்.

பொதுச் சொத்தாகிய கூறுகள்

‘செஸ்ட்நட்’ என்று செல்லமாகக் குறிக்கப்படும் பழைய ஆட்டங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. கோரஸ் ஜிக், பெட்ரொனெல்லா, ஹல்ஸ் விக்டரி, லேடி வால்போல்ஸ் ரீல் ஆகிய நான்கிலும் முதல் இணை வரிசைகளின் நடுவே கீழே சென்று, திரும்பி வந்து, இரண்டாம் இணையைச் சுற்றி ஓரிடம் கீழிறங்கி நிற்கும் 16 தட்டுக் கூறு ஒன்று வருகிறது. ஆட்டத்தை அடுத்த சுற்றுக்கு நகர்த்துவது இக்கூறே. இரு இணைகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து, மீண்டும் தத்தம் இடம் சேரும் ‘ரைட் அண்ட் லெஃப்ட்’ என்னும் கூறு பெட்ரொனெல்லா, ஹல்ஸ் விக்டரி, மணி மஸ்க் ஆகியவற்றின் இறுதிப் பகுதியாக அமைகிறது.

மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் ஹோமரையும் யூகோஸ்லாவியப் பாடகர்களையும் முன்வைத்து விளக்கிய வாய்பாட்டுக் கொள்கை தமிழாய்வுக்குப் புதிதன்று. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் அதனைச் சங்க வீரப்பாடல்களுக்குப் பொருத்திக் காட்டியதும், அதன்மேல் எழுந்த விவாதங்களும் நாம் அறிந்தவை. காண்ட்ரா நடனத்தின் ஆட்டக்கூறுகளும் வாய்பாடுகளைப் போன்றவையே. அளவு வரையறுக்கப்பட்டவை, ஓர் இடத்திலிருந்து எடுத்து மற்றோர் இடத்தில் வைக்கத்தக்கவை, ஒருமுறை கற்றால் எங்கும் பயன்படுபவை. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். வாய்மொழிப் பாடகர் வாய்பாட்டைக் கொண்டு பாடும்போதே பாடலை ஆக்குகிறார். காண்ட்ரா ஆடுவோர் ஆடும்போது எதையும் ஆக்குவதில்லை. நூறு பேர் ஒரே கணத்தில் ஒரே கூறைச் செய்தாக வேண்டும். ஒருவர் தவறினால் அவரது குழுவே குலையும். எனவே இங்கு வாய்பாட்டின் பயன் படைப்பாற்றலுக்கு அன்று, நினைவாற்றலுக்கே.

ஆட்டத்தின் பாதி பொதுக்கூறுகளால் ஆனது என்றால், அந்த ஆட்டத்திற்கே உரியதாக நினைவில் வைக்க வேண்டியது எஞ்சிய பாதியே. அந்தப் பாதியை நினைவூட்டியது எது? யாரும் சொல்லித்தராமலே பழைய ஆட்டக்காரர்கள் ஆடத்தொடங்கியது எவ்வாறு? மெட்டின் முதல் சில சுரங்களே அதற்குப் போதுமானவையாக இருந்தன என்பது இக்கட்டுரையின் துணிபு.

மெட்டு நினைவூட்டும் முறை

இதற்கு வலுவான சான்று மணி மஸ்க். ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் உள்ள மோனிமஸ்க் என்னும் ஊரின் பெயரே இவ்வாறு திரிந்தது. மெட்டை ஆக்கியவர் டேனியல் டோ. 1776இல் அவர் அதனை மோனிமஸ்க்கின் சர் ஆர்ச்சிபால்ட் கிராண்ட் பெயரால் வெளியிட்டார். நியூ இங்கிலாந்தில் இம்மெட்டு மூன்று பகுதிகளாக, ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை இசைக்கப்பட்டு, 48 தட்டுகளில் முடிகிறது. ஆட்டமும் 48 தட்டுகளே.

ஆட்டத்தின் போக்கு வருமாறு: முதல் இணை வலக்கை பற்றி ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, ஓர் இணைக்குக் கீழே இறங்கும். வரிசைக்கு மூவராக அறுவரும் முன்சென்று பின்வருவர். முதல் இணை முக்கால் சுற்றுச் சுற்றும். இப்போது மூவர் வரிசைகள் கூடத்தின் குறுக்காக அமைந்துவிடும். மீண்டும் அறுவரும் முன்சென்று பின்வருவர். முதல் இணை மறுபடியும் முக்கால் சுற்றுச் சுற்றித் தன் பக்கம் சேரும். இறுதிப் பகுதி முழுவதும் ரைட் அண்ட் லெஃப்ட். ஒன்றரையும் இரண்டு முக்காலும் கூடினால் சரியாக மூன்று சுற்று. ஆகவே முதல் இணையினர் இருவரும் தத்தம் பக்கத்திலேயே, ஆனால் ஓரிடம் கீழே, வந்து நிற்கின்றனர். கணக்கில் மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

இவ்வாட்டத்தை வழக்கமான 64 தட்டு மெட்டு ஒன்றுக்கு ஆட முயன்றால் நேர்வதைக் கணக்கிட்டுக் காணலாம். முதல் சுற்று முடியும்போது மெட்டு இன்னும் தன் கடைசிக் காற்பகுதியை இசைக்கவில்லை. இரண்டாம் சுற்று முடியும்போது மெட்டு இரண்டாம் முறையின் பாதியில் நிற்கும். ஆட்டத்தின் தொடக்கமும் மெட்டின் தொடக்கமும் மீண்டும் ஒன்றுசேர 192 தட்டுகள் ஆகும். அதற்குள் ஆட்டம் நான்கு சுற்றும் மெட்டு மூன்று சுற்றும் முடிந்திருக்கும். இடைப்பட்ட நேரத்தில் ‘இப்போது எந்தக் கூறு’ என்பதை மெட்டைக் கேட்டு அறிய இயலாது. மணி மஸ்க்கிற்கு மணி மஸ்க் மெட்டே வேண்டும் என்பது வெறும் பழம்பற்று அன்று என்பது இதனால் தெளியலாம்.

கோரஸ் ஜிக்கில் இவ்வாறான எண்ணிக்கைக் கட்டாயம் இல்லை. அதன் 64 தட்டுகளில் முதல் இணை வரிசைகளுக்கு வெளியே கீழே சென்று திரும்பும். பிறகு நடுவே சென்று திரும்பி ஓரிடம் இறங்கும். அடுத்துத் துணைவரை வலக்கையாலும், மூலையில் நிற்போரை இடக்கையாலும் மாறி மாறிச் சுற்றும். கடைசியில் பேலன்ஸ், ஸ்விங். 64 தட்டு மெட்டு எதற்கும் இதனை ஆடிவிட முடியும். ஆயினும் பெயர் மெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜிக் என்றால் ஆறு எண்ணிக்கை கொண்ட துள்ளல் தாளம். ஆனால் கோரஸ் ஜிக் என்னும் மெட்டு ஜிக் அன்று, சமநடை கொண்ட ரீல். பெயரின் பொருள் பொய்த்த பின்னும் பெயர் நிலைத்தது. அது மெட்டின் இயல்பை விளக்கும் சொல்லாக அன்றி, ஆட்டமும் மெட்டும் சேர்ந்த ஒரு முழுமைக்கு இடப்பட்ட அடையாளமாகவே வழங்கியது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

அச்சுச் சான்றுகள்

பிளேஃபோர்டின் நூலில் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் மெட்டும் அதன் கீழே ஆட்டக்கூறுகளும் ஒருசேர அச்சிடப்பட்டுள்ளன. 1883இல் பாஸ்டனில் வெளிவந்த ‘ரையன்ஸ் மாமத் கலெக்‌ஷன்’ பிடில் இசைஞருக்கான மெட்டுத் தொகுப்பு. எனினும் அதிலும் பல மெட்டுகளின் அடியில் ஆட்டக்கூறுகள் சிறு எழுத்தில் தரப்பட்டுள்ளன. இத்தொகுப்பே 1940இல் சிகாகோவில் ‘கோல்ஸ் ஒன் தவுசண்ட் ஃபிடில் ட்யூன்ஸ்’ என்னும் பெயரில் மறுபிறவி எடுத்து, வட அமெரிக்கப் பிடில் இசைஞர் பலருக்கும் கைந்நூலாயிற்று. இசைஞருக்கு ஆட்டம் தெரிய வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இவ்வச்சமைப்பில் பொதிந்திருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு இறுதியின் அமெரிக்க நடனக் கையேடுகள் பல ஆட்டக்கூறுகளை மட்டுமே தந்தன; இசைக்குறியீடு தரவில்லை. இது மேற்கூறிய கருத்துக்கு முரணாகத் தோன்றலாம். ஆனால் அக்கையேடுகளில் ஆட்டங்களின் தலைப்பாக நிற்பவை பெரிதும் மெட்டுகளின் பெயர்களே. பெயரைச் சொன்னால் பிடில் இசைஞர் இசைத்துவிடுவார், எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

மற்றொரு தடை இதனினும் கடுமையானது. அதே பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரே மெட்டுப் பெயரின்கீழ் வெவ்வேறு ஆட்டங்கள் வெவ்வேறு நூல்களில் காணப்படுகின்றன. அக்காலத்தில் நகர நடனம் புதுமையை நாடியது. மெட்டுக்கும் ஆட்டத்துக்கும் இருந்த உறவு நெகிழ்வானது. ஒரு மெட்டுக்கு ஓர் ஆட்டம் என்னும் பிணைப்பு தொன்மையானது என்று கொள்வதற்கு இடமில்லை. நகரங்கள் குவாட்ரில், வால்ட்ஸ், போல்கா என்று புதுவகைகளுக்கு மாறிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், பழைய ஆட்டங்களைக் கைவிடாத நியூ இங்கிலாந்துச் சிற்றூர்களில் அப்பிணைப்பு இறுகியது என்று கொள்வதே பொருந்தும். ஆடப்படும் ஆட்டங்கள் குறைவு, கூடுவோர் தம்முள் அறிமுகமானோர், இசைஞரும் மாறுவதில்லை. இச்சூழலில்தான் ஒரு மெட்டு ஓர் ஆட்டத்தின் நினைவாக முடியும். எனவே ‘மரபு’ என்று இன்று நாம் சுட்டும் நிலையும் ஒரு காலகட்டத்தின் விளைவே.

அழைப்பாளரின் எழுச்சி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாட்டங்கள் மலைப்பகுதிச் சிற்றூர்களுக்குள் ஒடுங்கியிருந்தன. எலிசபெத் பர்ச்செனல் 1918இல் தம் தொகுப்பை வெளியிட்டார். நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த அழைப்பாளர் ரால்ஃப் பேஜ் (1903–1985) பெத் டோல்மனுடன் இணைந்து 1937இல் ‘தி கண்ட்ரி டான்ஸ் புக்’ என்னும் நூலை வெளியிட்டதோடு, 1949 முதல் 1984 வரை ‘நார்தர்ன் ஜங்கெட்’ என்னும் இதழையும் நடத்தினார். ஆட்டங்களும் மெட்டுகளும் சமையற் குறிப்புகளும் அருகருகே இடம்பெற்ற அவ்விதழ் இன்று ஆய்வாளருக்கு ஒரு சுரங்கம்.

1960களிலும் 1970களிலும் நிலைமை விரைந்து மாறியது. கேன்டர்பரியைச் சேர்ந்த டட்லி லாஃப்மனின் ஆட்டங்களுக்கு இளைஞர்கள் திரண்டு வந்தனர். அவர்களில் பலர் இம்மரபுக்குள் பிறந்தவர் அல்லர். அவர்களுக்கு மெட்டு எதையும் நினைவூட்டாது. நினைவூட்ட ஒருவர் வேண்டும். அழைப்பாளர் முன்பும் இருந்தார். ஆனால் இப்போது அவர் இன்றியமையாதவர் ஆனார். இசை தொடங்குமுன் ஆட்டத்தை நடந்து காட்டச் செய்வார். இசை தொடங்கிய பின் ஒவ்வொரு கூறையும் அது தொடங்குவதற்குச் சில தட்டுகள் முன்னரே அறிவிப்பார். ஆடுவோர்க்குப் படிந்ததும் மெல்ல மௌனமாவார்.

நினைவுப்பணி அழைப்பாளரிடம் சென்றதும் ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு நீங்கியது. அழைப்பாளர்கள் ஆட்டங்களை அட்டைகளில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். புதிய ஆட்டங்கள் பெருகின. அவற்றின் அமைப்பும் மாறியது. பழைய ஆட்டங்களில் முதல் இணையே பெரிதும் ஆடும். பிறர் நின்று காத்திருப்பர். புதிய ஆட்டங்களில் அனைவரும் இடைவிடாது ஆடுவர். ஹெர்பி காட்ரோ 1958இல் ஆக்கிய ‘பெக்கட் ரீல்’, துணைவர்கள் எதிரெதிரே அன்றி ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கும் புதிய நிலையைத் தந்தது; இன்று அந்நிலையே ‘பெக்கட்’ என வழங்குகிறது. துணைவரோடு ஒரு ஸ்விங், அண்டையில் நிற்பவரோடு ஒரு ஸ்விங் என்பது ஏறக்குறைய எழுதப்படாத சட்டமாகிவிட்டது. லேடி வால்போல்ஸ் ரீலில் ஸ்விங் அண்டையாரோடு மட்டுமே. இதனால் அதற்கு ‘மணமான ஆடவரின் விருப்ப ஆட்டம்’ என்று கேலிப்பெயர் உண்டு. இன்றைய கூடத்தில் அக்கேலியைச் சுவைக்கவும் பழைய நடைமுறை தெரிந்திருக்க வேண்டும்.

நின்று காத்திருந்தோரின் நேரம் வீணானது என்று புதிய ஆட்டங்களை ஆக்கியோர் கருதினர். இக்கருத்து முழுமையானதன்று. மணி மஸ்க்கில் மூன்றாம் இணை செய்வது மிகக் குறைவு. ஆனால் முதல் இணை செய்வதை மிக அருகிலிருந்து, மெட்டைக் கேட்டவாறே, சுற்றுக்குச் சுற்று அது பார்த்துக்கொண்டிருக்கிறது. வரிசையின் மேல்முனையை அடைந்து தான் முதல் இணையாகும்போது அதற்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. காத்திருத்தலே இங்குக் கல்வியாக இருந்தது. காத்திருத்தலை நீக்கியபோது அக்கல்விக்குரிய இடத்தையும் அழைப்பாளரின் குரலே நிரப்ப வேண்டியதாயிற்று.

நூல்களின் பிரிவு

இம்மாற்றத்தை அச்சும் பதிவு செய்துள்ளது. டெட் சன்னெல்லா 1982இல் வெளியிட்ட ‘பேலன்ஸ் அண்ட் ஸ்விங்’ ஐம்பத்தைந்து ஆட்டங்களையும் ஒவ்வொன்றுக்கும் உரிய இசையையும் சேர்த்தே தருகிறது. அடுத்த ஆண்டே வெளிவந்த லாரி ஜென்னிங்ஸின் ‘ஜெஸ்டி காண்ட்ராஸ்’ ஏறத்தாழ ஐந்நூறு ஆட்டங்களைக் கூறுகளாக மட்டும் தருகிறது. அது அழைப்பாளரின் நூல். 1997இல் வந்த ‘தி போர்ட்லண்ட் கலெக்‌ஷன்’ காண்ட்ரா நடனத்திற்கான மெட்டுகளைத் திரட்டித் தருகிறது. அது இசைஞரின் நூல். பிளேஃபோர்டின் ஒரு பக்கத்தில் இருந்தவை இரண்டு அலமாரிகளுக்குப் பிரிந்துவிட்டன.

பிரிவால் விளைந்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிடலாகாது. முன்பின் அறியாத ஒருவர் எந்த ஊரின் கூடத்திலும் நுழைந்து அன்றிரவே ஆடலாம். இசைஞரும் ஒரே மெட்டில் கட்டுண்டு கிடப்பதில்லை. இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து, ஓரிடத்தில் சுருதி மாற்றி, கூடத்தில் எழுச்சியை உண்டாக்குகின்றனர். பொருத்தம் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. பேலன்ஸ் மிகுந்த ஆட்டத்திற்கு அழுத்தம் தெறிக்கும் மெட்டையும், ஹே போன்ற ஒழுகும் கூறுகள் கொண்ட ஆட்டத்திற்கு இழைந்து செல்லும் மெட்டையும் தேர்வது நல்ல இசைக்குழுவின் திறம். ஆனால் இது வகைப் பொருத்தம். பெயர்ப் பொருத்தம் அன்று. மெட்டு இப்போது ஆட்டத்தின் மனநிலையைச் சொல்கிறது. எந்த ஆட்டம் என்பதைச் சொல்வதில்லை.

பழைய பிணைப்பைக் காக்கும் முயற்சிகளும் உள்ளன. நியூ ஹாம்ப்ஷயரில் ரால்ஃப் பேஜ் பெயரால் நடைபெறும் ஆண்டு விழாவில் செஸ்ட்நட் ஆட்டங்கள் அவற்றின் மெட்டுகளோடே ஆடப்படுகின்றன. டேவிட் ஸ்மக்லரும் டேவிட் மில்ஸ்டோனும் 2008இல் வெளியிட்ட ‘கிராக்கிங் செஸ்ட்நட்ஸ்’ இவ்வாட்டங்களின் வரலாற்றையும் ஆடும் முறையையும் ஒவ்வொன்றாக விளக்குகிறது.

பெட்ரொனெல்லாவின் பயணம்

இவ்வரலாறு முழுவதையும் ஒரே ஆட்டத்தில் காண விரும்பினால் பெட்ரொனெல்லாவைக் காண வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து மெட்டோடு வந்த ஆட்டம் இது. அதன் தனிக்கூறு, 4 தட்டு பேலன்ஸ். பின் 4 தட்டுகளில் தனியே சுழன்றவாறு வலப்பக்கத்து இடத்திற்கு நகர்தல். நான்கு முறை செய்தால் 32 தட்டுகளில், அதாவது மெட்டின் முதற்பகுதி இருமுறை முடியும் கணத்தில், ஆடியவர் தம் இடத்திற்கே வந்துவிடுவார். முன்னர் முதல் இணை மட்டும் இதனைச் செய்தது. பின்னாளில் காத்து நிற்கப் பொறுக்காத இரண்டாம் இணையும் சேர்ந்துகொண்டது, நால்வரும் வட்டமாயினர். சுழலின் முடிவில் கைகளை இருமுறை தட்டும் வழக்கமும் இளையோரிடையே வந்து சேர்ந்தது. அதனை விரும்பாத மூத்தோர் உண்டு.

அடுத்து, புதிய ஆட்டங்களை ஆக்கியோர் இக்கூறை மட்டும் பிரித்தெடுத்துத் தம் ஆட்டங்களில் வேறு வேறு இடங்களில் பதித்தனர். ரோரி ஓ’மோர் என்னும் ஜிக் மெட்டுக்குரிய ஆட்டத்திலிருந்து பக்கவாட்டில் வழுக்கிக் கடக்கும் கூறு இவ்வாறே பிரிந்து பொதுச் சொத்தாயிற்று. இன்று அழைப்பாளர் ‘பெட்ரொனெல்லா’ என்று அறிவித்தால், அவர் குறிப்பது மெட்டையும் அன்று, ஆட்டத்தையும் அன்று. வட்டமாக நிற்கும் நால்வர் 8 தட்டுகளில் செய்ய வேண்டிய ஓர் அசைவை மட்டுமே. அப்பெயரைக் கேட்டதும் தயங்காது சுழன்று, உரிய தட்டில் கைதட்டி, அடுத்த இடத்தில் நிற்போரில் பலர் பெட்ரொனெல்லா என்னும் மெட்டை ஒருமுறையும் கேட்டிராதவர்கள்.